இரண்டாம் பாகம் வேண்டாம், முதற் பாகத்தைத் தாருங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகன், ஒருநாள் இரவு எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு நாயகனுக்கு உடை அணிவித்துக்கொண்டிருந்தான். நீல மேலங்கி, மஞ்சள் இடைவார், நெஞ்சிலே ஒரு மரம். நாற்பது வயதை நெருங்குகிற, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவன், இடைவாரின் மஞ்சள் சற்றுக் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதென்னடா விளையாட்டு?" என்று கேட்டேன்.

"விளையாட்டில்லை மாமா. செத்துப்போன என்ர ஆளுக்குத் திரும்ப உயிர் குடுக்கிறன்" என்றான்.

அவன் அன்றிரவு சொன்ன கதையை நான் பிறகு தேடிப் படித்தேன். படித்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

'சிட்டி ஒவ் ஹீரோஸ்', அதாவது நாயகர்களின் நகரம், 2004 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் இணையவழி விளையாட்டு. கிரிப்டிக் ஸ்டூடியோஸ் உருவாக்கியது. தென்கொரியாவின் என்சிசொஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. பரகன் சிட்டி என்றொரு கற்பனை நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அதிசக்தி நாயகர்களாக உலவலாம். மாதச் சந்தா ஏறத்தாழ 15 டொலர். ஏனைய விளையாட்டுகளிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டியது ஒன்றுதான்: இங்கே சுப்பர்மானும் இல்லை, ஸ்பைடர்மானும் இல்லை. உள்ளே நுழைபவர் தமது நாயகனைத் தாமே படைக்க வேண்டும். உயரம், உடை, ஆற்றல், பெயர், பிறந்து வளர்ந்த கதை அனைத்தும் விளையாடுபவரின் கைவண்ணம்.

இந்தச் சுதந்திரம் நீதிமன்றம் வரை போனது. 2004 நவம்பரில் மார்வெல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. விளையாடுபவர்கள் தங்கள் 'ஹல்க்', 'வுல்வரின்' ஆகியோரை அப்படியே படைத்துவிட முடிகிறது என்பது முறைப்பாடு. சான்றாகக் காட்டப்பட்ட உருவங்களிற் சிலவற்றை மார்வெல் தரப்பினரே உருவாக்கியிருந்தனர் என்பது தெரியவந்து, நீதிமன்றம் அவற்றை நீக்கியது. 2005 டிசம்பரில் வழக்கு சமரசமாக முடிந்தது.

2012 ஓகஸ்ட் 31 அன்று, விளையாட்டைப் பராமரித்து வந்த கலையகத்தை மூடுவதாக அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினார்கள். செப்டெம்பரில் அந்தக் கற்பனை நகரத்தின் அட்லஸ் பூங்காவிலே, மாநகர மண்டபத்தின் முன்னால், தத்தம் நாயகர்களின் கையில் தீப்பந்தம் கொடுத்து நிறுத்தினார்கள். ஒரு சதுக்கம் கொள்ளாமல் அதன் பிரதிகள் பல திறக்கப்பட்டன. பயன் இல்லை. நவம்பர் 30 அன்று வழங்கிகள் நிறுத்தப்பட்டன. இத்தகைய விளையாட்டு, காசு கொடுத்து வாங்கியவரின் மேசையில் இருப்பதில்லை. நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அங்கே ஆளியை அணைத்தால் இங்கே கையிலுள்ள இறுவட்டு வெறும் வட்டமாகிவிடும்.

அன்றிலிருந்து ரசிகர்கள் ஓயவில்லை. 'இரண்டாம் பாகம் தாருங்கள்' என்பது ஒரு கோரிக்கை. 'நாங்களே அதுபோலொன்று செய்கிறோம்' என்பது இன்னொரு முயற்சி. 'சிட்டி ஒவ் டைட்டன்ஸ்' என்ற பெயரிலான முயற்சிக்கு 2013இல் பொதுமக்களிடம் 3 இலட்சத்து 20 ஆயிரம் டொலர் கேட்டார்கள். 6 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தது. பத்து ஆண்டுகள் கடந்து 2023 முடிந்தபோதும் அது முழு விளையாட்டாக வெளிவந்திருக்கவில்லை.

எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்: இரண்டாம் பாகம் கேட்பது பிழையான கோரிக்கை. அந்த ரசிகர்களின் துயரம் உண்மையானது என்பதனாலேயே இதைச் சொல்கிறேன். அவர்கள் இழந்தது ஒரு நிறுவனத்தின் சரக்கை அன்று. அந்தச் சரக்கிலே தாங்கள் இட்ட தங்கள் பங்கை. அதை எந்த இரண்டாம் பாகமும் திருப்பித் தராது. இதை நான் எனது சொந்தக் கதையிலிருந்து அறிவேன்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதலாவது இதழே 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தின் 'வலியன்ட்' வார இதழில் 1962இல் தோன்றிய லூயிஸ் கிராண்டேல் என்ற பாத்திரத்தின் தமிழ்ப் பெயர் அது. ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும்; இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். கடல் தாண்டி யாழ்ப்பாணம் வந்துசேரும் ஒரு பிரதி எங்கள் வகுப்பில் முப்பது பேரின் கைமாறி, அட்டை கிழிந்து, மாப்பசை ஒட்டுப்பட்டு, கடைசியில் யாருடையது என்றே தெரியாத நிலைக்கு வந்துவிடும்.

அடுத்த இதழ் எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே நாங்களே எழுதத் தொடங்கினோம். அப்பியாசக் கொப்பியைப் பிரித்துத் தைத்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை. அதன் நாயகன் 'பனங்கை மாயாவி'. இரும்புக்கு எங்கே போவது? அவனுக்குக் கருக்குப் பாய்ந்த பனை மரத்திலே கை. மின்சாரம் எங்கள் ஊருக்குச் சரியாக வந்து சேராத காலம். ஆகவே அவன் மறைவதற்கு ஒரு மிடறு கருப்பநீர் போதும் என்று வைத்தோம். ஒன்பது இதழ்கள். ஒவ்வொன்றிலும் ஒரேயொரு பிரதி.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் வெளியேறியபோது நானும் வெளியேறினேன். பத்திரிகைத் தாள் இன்றிக் கோடிட்ட கொப்பித் தாளில் செய்தி அச்சடித்த காலம் அது. மழையில், இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நகர்ந்த அந்த இரவில், எதை எடுப்பது எதை விடுவது என்று சிந்திக்க நேரம் இருக்கவில்லை. அடையாள அட்டை, காணி உறுதி, அம்மாவின் மருந்து. றங்குப்பெட்டி வீட்டிலேயே நின்றது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகளும் இல்லை, பெட்டியும் இல்லை.

2012 ஜனவரியில், நெடுநாள் தளர்ந்திருந்த லயன்–முத்து காமிக்ஸ் நிறுவனம் சென்னைப் புத்தகக் காட்சியில் புத்துயிர் பெற்றது. பரகன் சிட்டியின் விளக்குகள் அணைந்த அதே ஆண்டு! வாசகர்கள் விடாமல் கேட்டதற்கு அதில் பெரும் பங்கு உண்டு. மாயாவியின் மறுபதிப்புகள் பின்னர் என் கைக்கும் வந்தன. நல்ல தாள், நல்ல அச்சு. நிறுவனத்தின் படைப்பு திரும்பி வந்துவிட்டது. பனங்கை மாயாவி வரவில்லை. எந்தப் பதிப்பகத்திடம் நான் அவனைக் கேட்பது? அவனுடைய கதையைத் தாயிடம் கேட்டு வளர்ந்த மருமகன், தன் நாயகனின் நெஞ்சிலே பனையைப் பொறித்திருக்கிறான். அது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது அந்த ஒன்பது இதழ்கள் அல்ல.

யாழ்ப்பாணத்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 1981 மே 31 இரவு பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. இன்று அதே இடத்தில் வெள்ளைக் கட்டடம் எழுந்து நிற்கிறது, பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், அது வேண்டும். கடையில் வாங்கக்கூடிய நூல்கள் மீண்டும் அடுக்கேறின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் ஏறவில்லை. கட்டடத்துக்கு இரண்டாம் பாகம் எழுதலாம். ஒற்றைப் பிரதிக்கு எழுத முடியாது.

விளையாட்டுக் கதைக்கு மீள்வோம். 2019 ஏப்ரலில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அந்த விளையாட்டின் மூலநிரல் ஒரு சிலரிடம் இருந்திருக்கிறது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் நுழையக்கூடிய இரகசிய வழங்கி ஒன்றை அவர்கள் நடத்தி வந்திருக்கிறார்கள். செய்தி கசிந்ததும் ஏனைய ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். மூலநிரல் பொதுவெளிக்கு வந்தது. 'ஹோம்கமிங்' என்ற பெயரில் தொண்டர்கள், நன்கொடையைக் கொண்டு, இலவசமாக நகரத்தைத் திறந்தார்கள். 2024 ஜனவரியில் என்சிசொஃப்ட் அவர்களுக்கு முறையான அனுமதியே வழங்கிவிட்டது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. இரண்டாம் பாகத்துக்காகத் திரட்டிய பணம் பத்தாண்டில் சாதிக்காததை, பாதுகாத்து வைத்த ஒரு மூலப்பிரதி சில வாரங்களில் சாதித்தது. மற்றது, நகரம் திரும்பினாலும் அங்கு வாழ்ந்த நாயகர்கள் தாமாகத் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் தமது ஆளைப் புதிதாகவே படைக்க வேண்டியிருந்தது. உடையின் கோப்பைத் தமது கணினியில் சேமித்து வைத்திருந்தவர்கள் பாக்கியவான்கள். என் மருமகன் சேமிக்கவில்லை. அதனால்தான் அந்த மஞ்சளைப் பற்றி அவனுக்கு அவ்வளவு ஐயம்.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நட்டத்தில் ஓடும் ஒன்றை என்றென்றைக்கும் நடத்து என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. நான் பணியாற்றிய பத்திரிகைகளும் மூடப்பட்டிருக்கின்றன. கடைசிச் சம்பளம் எப்படி வந்தது என்பதை நான் அறிவேன். ஆனால் கடையை மூடுவது வேறு, வாடிக்கையாளர் உள்ளே வைத்த பொருளையும் சேர்த்துப் பூட்டுவது வேறு. மூடும்போது, விரும்பியவர்கள் தம் செலவில் தொடர்ந்து நடத்துவதற்கு வழிவிடுங்கள் என்று கேட்பது அதிகப்படியானதன்று. 2024இல் தொடங்கிய 'ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பதும் ஏறத்தாழ இதுவே. 2025இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அக்கோரிக்கைக்கு 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று கடைகளிற் கிடைப்பதில்லை. பணமும் மின்சாரமும் குறைவில்லாத நாட்டின் நிலை இது.

'விளையாட்டுத்தானே' என்று ஒதுக்குவோருக்கு ஒரு சொல். சித்திரக்கதைகளையும் அப்படித்தான் ஒதுக்கினார்கள். எங்கள் ஆசிரியர்கள் அவற்றைப் பறித்துக் கிழித்தார்கள். இன்றோ சுந்தரின் 'சிரித்திரன்' இதழ்களைத் தேடிப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் வருகிறார்கள். சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் வைத்து அக்காலத்து யாழ்ப்பாணத்தை அறியப் பார்க்கிறார்கள். எது வரலாறாகும் என்பதை அது நடக்கும் காலத்தில் எவராலும் சொல்ல முடியாது. ஆகையால் சேமிப்பவன் தரம் பிரிக்கத் தொடங்கக் கூடாது.

'சிரித்திரன்' இன்று படிக்கக் கிடைப்பது எதனால்? 2005இல் சில இளைஞர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தினால். அரசு செய்யவில்லை; பெரிய நிறுவனம் செய்யவில்லை. தொண்டர்கள் ஒவ்வொரு பக்கமாக வருடி ஏற்றினார்கள். பரகன் சிட்டியின் தொண்டர்களுக்கும் இவர்களுக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை.

ஆனால் அந்த இரகசிய வழங்கிக்காரர்களும் நம்மிடையே உண்டு. பழைய சஞ்சிகைகளைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்து, விருந்தாளிக்குத் தூரத்திலிருந்து காட்டி, தொடவும் விடாமல் காக்கும் பெரியவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவோ இழந்த மண்ணில் எஞ்சியதை இறுகப் பிடிப்பது இயல்பு. ஆனால் அந்த அலுமாரியைக் கறையானும் அறியும், அடுத்த வெள்ளமும் அறியும். அவர்களுக்குப் பின் வரும் பிள்ளைகள் வீட்டை விற்கும்போது பழைய தாள் எடுப்பவன் அறிவான். ஒற்றைப் பிரதியாக இருப்பது பெருமையன்று, ஆபத்து.

ஆகவே அந்த ரசிகர்களிடம் எவராவது என் கருத்தைக் கேட்டால், இரண்டாம் பாகத்துக்காக மன்றாடாதீர்கள் என்பேன். அது வந்தால் வரட்டும். முதற் பாகத்தின் மூலத்தைக் கேளுங்கள், கிடைத்ததை நாலு இடத்தில் வையுங்கள், உங்கள் ஆளின் உடையை உங்கள் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். நம்மவரிடம் சொல்வதும் அதுவே: கையெழுத்துச் சஞ்சிகை, கோவில் திருவிழா மலர், சனசமூக நிலையத்தின் அறிக்கை, கொப்பித் தாளில் வந்த பத்திரிகை எதுவாயினும், இந்த வாரமே ஒரு படமாவது எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது.

மருமகன் போய்ச் சேர்ந்தபின் ஒரு படம் அனுப்பியிருந்தான். இடைவார் இன்னும் மஞ்சள்தான். "இதுதான் எண்டு நினைக்கிறன் மாமா, ஆனாச் சரியா ஞாபகமில்லை" என்று எழுதியிருந்தான். பனங்கை மாயாவியின் முகம் எனக்கும் சரியாக ஞாபகமில்லை. 1970களில் எங்கள் வகுப்பில் படித்த எவரிடமாவது ஓர் இதழேனும் தப்பியிருந்தால், பெட்டியைத் திறந்து பாருங்கள்.