எரிநட்சத்திரமும் மஸல் தோவும்

அமெரிக்காவில் இருக்கும் பேரன் போன ஆகஸ்டில் வீடியோ காலில் கேட்டான்: "தாத்தா, எரிநட்சத்திரம் விழுந்தா கண்ணை மூடிக்கிட்டு ஏதாவது வேண்டிக்கணும், தெரியுமா?" எங்கள் வீட்டில் நேர் எதிர். அதைப் பார்த்துவிட்டால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வாள் என் பாட்டி. பேரனுக்கு வரம், பாட்டிக்கு தோஷம். இரண்டிலும் சேராத மூன்றாவது வழி ஒன்று யூதர்களிடம் இருக்கிறது. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அவர்களது மிஷ்னா, 'ஸிக்கின்' என்பதைக் கண்டால் கடவுளை வாழ்த்தச் சொல்கிறது. நிலநடுக்கம், இடி, மின்னல், பெருங்காற்று எல்லாவற்றுக்கும் அதே வாழ்த்துதான். அவன் வலிமை உலகை நிறைத்திருக்கிறது என்பது பொருள். அதில் கேட்பதும் இல்லை, பயந்து ஒளிவதும் இல்லை.

ஸிக்கின் என்றால் என்ன என்று பிறகு தல்மூதில் கேள்வி வருகிறது. பாய்ந்து செல்லும் நட்சத்திரம் என்கிறார் ஷ்முவேல். மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்தவர், வானியல் தெரிந்தவர். தன் ஊரான நெஹர்தியாவின் தெருக்களைப் போல வானத்தின் பாதைகளும் தனக்குத் தெரியும், இந்த ஒன்று மட்டும் என்னவென்று தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாராம். அவ்வளவு படித்த மனிதர் தெரியாது என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. ஸிக்கின் வால்நட்சத்திரமா, எரிநட்சத்திரமா என்று பின்னால் உரையாசிரியர்கள் வாதாடினார்கள். ஆகஸ்ட் மாதத்து எரிநட்சத்திரங்கள் ஒரு வால்நட்சத்திரம் விட்டுச் சென்ற தூசிகள் என்று 1866இல் இத்தாலியரான ஷியாபரெல்லி காட்டியபோது, இரண்டு கட்சியும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று ஆகிவிட்டது!

சரி, அதிர்ஷ்டம்? கல்யாண வீட்டில் அவர்கள் சொல்லும் 'மஸல் தோவ்' என்பதில் மஸல் என்றால் வான ராசி. நாம் 'ராசியான கை' என்கிறோமே, அதே கதைதான். ஆனால் மஸல் இஸ்ரவேலரைக் கட்டுப்படுத்துமா என்பதில் தல்மூதிலேயே இரண்டு கட்சி. கட்டுப்படுத்தும் என்றார் ரபி ஹனினா. இல்லை என்றார் ரபி யோஹனான். வானத்து அடையாளங்களுக்கு அஞ்ச வேண்டாம் என்ற எரேமியாவின் வாக்கு யோஹனானுக்கு ஆதாரம். பிற்காலத்தில் மைமோனிடிஸ், அவர் வைத்தியரும்கூட, பிரான்ஸின் தெற்கிலிருந்த அறிஞர்களுக்கு எழுதிய கடிதத்தில் சோதிடம் அறிவே அல்ல, மடமை என்று தள்ளிவிட்டார்.

அங்கே வரும் ஒரு கதை. ரபி அகிவாவின் மகள் கல்யாண நாளில் பாம்பு கடித்துச் சாவாள் என்று சோதிடர்கள் சொல்லியிருந்தார்கள். அகிவா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார். கல்யாண இரவில் அவள் தன் ஊசியைச் சுவரில் குத்தி வைத்தாள். அது அங்கே பதுங்கியிருந்த பாம்பின் கண்ணில் பாய்ந்திருக்கிறது. காலையில் ஊசியை உருவியபோது செத்த பாம்பும் கூடவே வந்தது. நேற்று என்னம்மா செய்தாய் என்று அப்பா கேட்டார். விருந்துச் சந்தடியில் வாசலில் நின்ற ஏழையின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. என் பங்கை எடுத்துக் கொடுத்தேன் என்றாள்.

அகிவா அந்தக் கல்யாணத்தை நிறுத்தவில்லை, கவனியுங்கள். என் உறவில் ஒரு பெண்ணுக்கு மூல நட்சத்திரம் என்று சொல்லியே ஏழெட்டு வரன்கள் தட்டிப்போயின. முப்பத்தாறு வயதில்தான் கல்யாணம் நடந்தது. ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கிய பெரியவர்களில் நானும் ஒருவன். இந்தக் கதையை அப்போதே படித்திருக்கலாம்.

ஓர் இரவில் எத்தனை எரிநட்சத்திரம் விழுந்தாலும் வாழ்த்து ஒரு முறைதான் என்று பிற்கால யூதச் சட்டநூல்கள் சொல்கின்றன. பேரனிடம் சொன்னேன். "அப்ப மத்ததுக்கெல்லாம் என்ன செய்வாங்க தாத்தா?" என்றான்.

"சும்மா பார்ப்பாங்கடா."