வீட்டு மொழிக்கு ஒரு பீரியட்

கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் மீது பாடப்பட்ட மூன்று திருக்கருவை அந்தாதிகள் அதிவீரராம பாண்டியர் பெயரால் வழங்குகின்றன. வடமொழியில் இருந்த நளன் கதையை நைடதமாகத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. கரிவலம்வந்தநல்லூருக்குக் கிழக்கே, கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவர் கி. ராஜநாராயணன். கரிசல் சீமையின் தமிழ்ச் சொற்களை அகராதியாகத் தொகுத்தவர் அவர்தான். 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். இன்னொரு மொழி தெரிந்தவர்கள் கையில் தமிழ் மெலிந்துவிடவில்லை. ஆனால் நம் பள்ளிக்கூடங்களோ வாசலைத் தாண்டியதும் பிள்ளையின் வீட்டுமொழியை மறந்துவிடச் சொல்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்குத் தாய்மொழி தெலுங்கு. கன்னடம், உருது, மலையாளம் பேசுவோர் தனி. சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் ஊர்களில் ஆத்தாளிடம் தெலுங்கில் சண்டை போடுகிற பிள்ளைக்கு அந்த மொழியில் ஒரு கடைப் பலகையை வாசிக்கத் தெரியாது. மலையாளத்தின் கதையும் வேறல்ல. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த செங்கோட்டை இன்று நம் தென்காசி மாவட்டத்தில். சங்கரன்கோவில் பூவும் காய்கறியும் புளியரை சோதனைச் சாவடி தாண்டிப் போகின்றன. அந்த வியாபாரத்துக்கு வேண்டிய மலையாளத்தை லாரியில் போய்வருகிறவர்கள் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் அதில் ஓர் எழுத்தும் சொல்லித் தருவதில்லை. அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. நாம் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, விரும்புகிற பிள்ளைகளுக்கு, வாரம் ஒரு பீரியட், வீட்டுமொழியோ அண்டை மாநில மொழியோ. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது.

இது மும்மொழிக் கொள்கைக்குக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகச் சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததைப் பார்த்த மாநிலம் இது. 1968 சனவரியில் சட்டமன்றம் தீர்மானித்த இருமொழிக் கொள்கை மாறக் கூடாது என்பதே நம் நிலையும். அந்தக் கொள்கை எதிர்த்தது திணிப்பைத்தான். தானாக விரும்பிப் படிப்பதற்கு அது ஒருபோதும் தடை சொன்னதில்லை. எந்த மொழி என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்கிற ஏற்பாட்டில் தில்லிக்கு வேலை இல்லை. தமிழ் எழுதவே திணறுகிற பிள்ளைக்கு இன்னொரு மொழி எதற்கு என்பார்கள். அந்தத் திணறல் உண்மைதான். அதற்கு மருந்து தமிழ் வகுப்பில் கூடுதல் கவனம். தமிழ்ப் பாடவேளையிலிருந்து ஒரு நிமிடத்தைக்கூட இதற்காக எடுக்கக் கூடாது. ஆசிரியர் எங்கே என்ற கேள்விதான் கடினமானது. எனினும், 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது ஊர் ஊராகத் தன்னார்வலர்களைத் திரட்டிய அரசு இது. தெலுங்கும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை நாலைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக, மதிப்பூதியம் கொடுத்து அமர்த்துவது அதற்கு முடியாததல்ல.

மாணவர் விவரப் பதிவில் தாய்மொழிக்கென்று ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தென்காசி மாவட்டக் கல்வித் துறை வரும் ஜூனுக்குள் அதை ஊர்வாரியாகப் பிரித்து வெளியிடட்டும். எந்தப் பள்ளிக்கு எந்த மொழி என்பதை அதன் பிறகு பேசலாம்.