'மற்றும்' என்கிற வேலி

எழுதும் பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். கடந்த நாலு மாதமாக யாரும் கவிதை படிக்கவில்லை. கூட்டத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். யாரும் விடுபட்டுவிடக்கூடாது என்பது நோக்கம். அதில் எனக்குத் தகராறு இல்லை. இப்போது பலர் ஆதரவு பெற்றிருக்கும் பெயரில்தான் தகராறு: 'பெண்கள் மற்றும் திருநங்கையர் இலக்கிய வட்டம்'.

அரிசி மற்றும் பருப்பு என்றால் பருப்பு அரிசி அல்ல. பெண்கள் மற்றும் திருநங்கையர் என்றால் திருநங்கை பெண் அல்ல. தன் பாலினம் இன்னது என்று சொல்லும் உரிமை அவரவருடையது என்று உச்சநீதிமன்றம் 2014லேயே தீர்ப்பளித்துவிட்டது. நான் பெண் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரை நம் பெயர்ப்பலகை வாசலிலேயே திருத்துகிறது. இதற்கு முற்போக்கு என்று பெயர்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரை அது உயர்திணையில் வைக்கிறது. தனி விகுதி எதையும் கட்டிவிடவில்லை. ஆண்பால் முடிபு அதற்கு ஆகாது என்கிறது. புலவர்கள் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் பேச்சு வழக்கைக் கவனித்து இலக்கணம் எழுதினார். நாம் கவனிக்காமல் தீர்மானம் எழுதுகிறோம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு பழைய விவகாரம். 1917ல் அடையாறில் ஆரம்பித்த சங்கத்தின் ஆங்கிலப் பெயர் 'விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன்'. 'இந்தியன் விமன்ஸ்' அல்ல. நிறுவியவர்களில் ஒருவரான மார்கரெட் கஸின்ஸ் அயர்லாந்துக்காரர். தலைவர் அன்னி பெசன்ட் லண்டனில் பிறந்தவர். 'இந்தியப் பெண்கள்' என்று வைத்திருந்தால் அவர்களே வெளியில் நின்றிருக்க வேண்டும். இரண்டு சொற்கள் இடம் மாறி நின்றதில் அந்தப் பெயருக்குள் எல்லோருக்கும் இடம் இருந்தது, பட்டியல் தேவைப்படவில்லை. 'இந்திய மாதர் சங்கம்' என்று தமிழில் எழுதும்போது அந்த நுட்பம் போய்விடுகிறது.

இன்னொரு கட்சி, 'பெண்' என்பதன் பக்கத்தில் நட்சத்திரக்குறி போடச் சொல்கிறது. 2018ல் லண்டன் வெல்கம் கலெக்ஷன் 'விமன்' என்ற சொல்லில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு எக்ஸ் போட்டு நிகழ்ச்சி அறிவித்தது. கண்டனம் வந்தபின் மன்னிப்புக் கேட்டது. நட்சத்திரக்குறியை வாயால் எப்படிச் சொல்வது? சொல்ல முடியாத பெயரால் யாரையும் கூப்பிட முடியாது.

திருநம்பியையும் பட்டியலில் சேர் என்கிறார்கள். அவர் தன்னை ஆண் என்கிறார். அவரைப் பெண்கள் வட்டத்தின் பெயருக்குள் உட்கார வைப்பது உபசாரம் அல்ல, அவர் சொன்னதை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது.

என் யோசனை சாதாரணமானது. பெயர்: 'பெண்கள் வட்டம்'. அதற்குக் கீழே விதியாக ஒரு வாக்கியம்: தன்னைப் பெண் என்று சொல்பவர் எவரும் உறுப்பினர், ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர், விரும்பினால், உறுப்பினர். கூப்பிடுவது பெயரின் வேலை. யார் வரலாம் என்பதைச் சொல்ல விதி இருக்கிறது. இரண்டு வேலையையும் பெயரின் தலையிலேயே கட்டும்போதுதான் 'மற்றும்' முளைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாலு மாத வாக்குவாதத்தில் ஒரு திருநங்கைகூடக் கலந்துகொள்ளவில்லை. யாரும் கூப்பிடவில்லை. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' வந்து எத்தனையோ வருஷமாகிறது. அதை நம் கூட்டத்தில் ஒருநாள் எடுத்துப் பேசியதில்லை. பேசாமல், கூப்பிடாமல், அவர்களுக்காகப் பெயர்ப்பலகையில் இடம் ஒதுக்குகிறோம். இது காலி நாற்காலிக்கு மாலை போடுகிற காரியம்.

அடுத்த கூட்டத்தில் என் யோசனையை முன்மொழிவேன். தோற்றால் விலகமாட்டேன், கவிதை படிக்க வருவேன். ஆனால் 'மற்றும்' உள்ள அழைப்பிதழில் என் பெயரைப் போட வேண்டாம்.