சட்டைக்குக் கொடுக்கிற காசு துணிக்கா, ஃபினிஷிங்குக்கா?

மியூச்சுவல் ஃபண்டில் அரை சதவீத எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுக்காக ரெண்டு நாள் ஆராய்ச்சி பண்றோம். ஆனா 1,800 ரூபாய் சட்டையை ரெண்டு விரலால தடவிப் பார்த்துட்டு, "சாஃப்டா இருக்கு, பில் போடுங்க"ன்னு சொல்லிடறோம். வேலைக்குச் சேர்ந்த முதல் ரெண்டு மூணு வருஷத்துல ஆபீஸ் டிரெஸ்ஸுக்கு எவ்வளவு போகுதுன்னு ஒரு தடவை கூட்டிப் பாருங்க. சின்ன தொகையா இருக்காது.

என் கருத்தை நேரா சொல்லிடறேன். கடையில உங்க விரலுக்குத் தெரியறது பெரும்பாலும் துணி இல்ல, துணி மேல செஞ்ச ஃபினிஷிங். அதுல சிலது சட்டை கிழியற வரைக்கும் இருக்கும். சிலது நாலு வாஷ்ல போயிடும். நிக்கிறதுக்குக் காசு கொடுங்க, போகப்போறதுக்குக் கொடுக்காதீங்க.

தறியில இருந்து இறங்கற காடா துணியை நீங்க பார்த்தா வாங்கவே மாட்டீங்க. பழுப்பு நிறமா, சொரசொரன்னு இருக்கும். அதை வெளுத்து, சாயம் ஏத்தி, மெருகு கொடுத்த பிறகுதான் ஷோரூமுக்கு வரும். இந்தக் கடைசிக்கட்ட வேலைக்குப் பேர்தான் ஃபினிஷிங்.

நிக்கிற ஃபினிஷிங்

முதல்ல மெர்சரைசிங். பருத்தியை இழுத்துப் பிடிச்ச நிலையில காஸ்டிக் சோடா கரைசல்ல நனைப்பாங்க. தட்டையா முறுக்கி இருக்கிற இழை உப்பி உருண்டையாகும். அதனால பளபளப்பு வரும், வலு கூடும், சாயமும் நல்லா பிடிக்கும். இழையோட அமைப்பே மாறிடறதால இது துவைச்சா போகாது. 19-ம் நூற்றாண்டுல ஜான் மெர்சர்ங்கிற ஆங்கிலேயர் கண்டுபிடிச்சது, இன்னிக்கும் அவர் பேர்லதான் ஓடுது.

ரெண்டாவது சான்ஃபரைசிங். கடையில ப்ரீ-ஷ்ரங்க்னு சொல்வாங்க. வீட்டுல துவைக்கும்போது சுருங்க வேண்டிய துணியை, மில்லுலயே மெஷின்ல சுருக்கிடறது. இது இல்லாத காட்டன் சட்டை, சைஸ் சரியா பார்த்து வாங்கினாலும் ரெண்டு மூணு வாஷ்ல கையைத் தூக்கினா இடுப்புக்கு மேல வந்துடும். இந்த ரெண்டுக்கும் கொஞ்சம் கூடுதலா கொடுத்தா தப்பே இல்ல.

துவைச்சா போற ஃபினிஷிங்

கஞ்சி எல்லாருக்கும் தெரியும். மெல்லிசான துணியைக் கெட்டியா, கனமா காட்டும். முதல் வாஷ்லயே கரைஞ்சுபோய், உள்ள இருக்கிற ஒல்லி துணி வெளியே தெரியும். அடுத்தது சூடான ரோலர்ல அழுத்திக் கொண்டுவர்ற பளபளப்பு. சாதாரண காட்டன்ல இதுவும் தண்ணி பட்டா மங்கிடும்.

சாஃப்ட்னர் இன்னும் தந்திரமானது. அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்துத்தான் நாம "நல்ல காட்டன்"னு முடிவு பண்றோம். துவைக்கத் துவைக்க அது குறையும். இருக்கிற வரைக்கும் சில சாஃப்ட்னர் துணி வியர்வையை உறிஞ்சறதையும் குறைக்கும். புது டவல் வழவழன்னு இருந்தும் தண்ணியைத் துடைக்காம இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பயோ-வாஷ் டி-ஷர்ட் நடுவுல வரும். என்சைம் விட்டு, மேல நீட்டிக்கிட்டு இருக்கிற பஞ்சு நுனியை அரிச்சு எடுக்கிறது. அதனால உருண்டை உருண்டையா பஞ்சு திரள்றது குறையும். இது நல்ல விஷயம், நிக்கவும் செய்யும். ஆனா அளவு மீறினா துணியோட எடையும் வலுவும் சேர்ந்து போகும். அதனால டி-ஷர்ட் வாங்கும்போது பயோ-வாஷ்ங்கிற லேபிளை மட்டும் பார்க்காம, ஜி.எஸ்.எம். எவ்வளவுன்னு கேளுங்க.

ரிங்கிள் ஃப்ரீ: இதுதான் பெரிய கணக்கு

காட்டன் ஏன் கசங்குது? ஈரமும் அழுத்தமும் பட்டா இழைக்குள்ள இருக்கிற மூலக்கூறுகள் நகர்ந்து, புது இடத்துல உட்கார்ந்துடும். ரிங்கிள் ஃப்ரீல ஒரு ரெசினை ஏத்தி, அந்த மூலக்கூறுகளை ஒன்னோட ஒன்னு கட்டிப்போடறாங்க. கசங்காது. ஆனா கட்டிப்போட்ட இழைக்கு வளைஞ்சு கொடுக்கிற தன்மை குறையும், வலுவும் கணிசமா குறையும். அதனாலதான் சுத்த காட்டன் ரிங்கிள் ஃப்ரீ சட்டையில காலர் மடிப்பும் கஃப் ஓரமும் முதல்ல தேயுது. நிறைய கம்பெனிகள் பாலியஸ்டர் கலக்கறதுக்கு இந்த வலு இழப்பும் ஒரு காரணம்.

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. சாதா காட்டன் சட்டை 1,100 ரூபாய், 100 தடவை போடறீங்க. வெளியில அயர்ன் பண்ண ஒவ்வொரு தடவையும் 12 ரூபாய். அப்போ ஒரு தடவை போட 11 + 12 = 23 ரூபாய். ரிங்கிள் ஃப்ரீ 1,800 ரூபாய், அயர்ன் செலவு இல்ல. 100 தடவை உழைச்சா 18 ரூபாய், அது லாபம். 60 தடவையிலயே காலர் போச்சுன்னா 30 ரூபாய், நஷ்டம். பிரேக்-ஈவன் சுமார் 78 தடவை. வாரத்துக்கு ஒரு நாள் போட்டா ஒன்றரை வருஷம்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. ரிங்கிள் ஃப்ரீ வாங்கிட்டு, "இன்னும் ஷார்ப்பா இருக்கட்டும்"னு அதையும் அயர்னுக்குக் கொடுத்தீங்கன்னா, ஒரே வேலைக்கு ரெண்டு தடவை காசு கொடுக்கறீங்க. வீட்டுலயே நீங்களே தேய்க்கிற ஆளா இருந்தா சாதா காட்டன்தான் ஜெயிக்கும். பி.ஜி.ல அயர்ன் பாக்ஸ் இல்லாம தங்கி, அடிக்கடி டிராவல் பண்றவங்களுக்கு ரெண்டு ரிங்கிள் ஃப்ரீ சட்டை நியாயமான செலவு. பீரோ முழுக்க அதையே அடுக்கறது நியாயமில்ல.

பணத்தைத் தாண்டி ஒரு விஷயம். இந்த ரெசின்கள்ல பெரும்பாலானது ஃபார்மால்டிஹைடு சார்ந்தது. சிலருக்கு இதனால தோல் அரிப்பு, தடிப்பு வரும். ஜப்பான் மாதிரி நாடுகள் உடம்பை ஒட்டிப் போடற துணிகள்ல இதுக்கு வரம்பு வச்சிருக்காங்க, குழந்தைத் துணிக்கு இன்னும் கறாரா. எந்தப் புதுச் சட்டையையும் ஒரு தடவை அலசிட்டுப் போடுங்க. செலவே இல்லாத பாதுகாப்பு.

கடையில 1 நிமிஷம்

* உள்பக்க ஓரத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நல்லா தேயுங்க. மாவு மாதிரி உதிர்ந்தா கஞ்சிக்குத்தான் காசு கொடுக்கறீங்க.
* வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. தடிமனா தெரிஞ்ச துணியில நெசவு இடைவெளி பெருசா இருந்தா, வாஷுக்கு அப்புறம் தொளதொளன்னு ஆகும்.
* லேபிள்ல காட்டன் எத்தனை சதவீதம்னு படிங்க. "காட்டன் ஃபீல்"னா காட்டன் இல்ல.
* புது பிராண்டா? முதல்ல ஒன்னே ஒன்னு வாங்கி அஞ்சு தடவை துவைச்சுப் பாருங்க. ஆஃபர்ல மூணு எடுக்கறது அதுக்கப்புறம்.

விலை எவ்வளவுங்கிறது பாதிக் கேள்விதான். எத்தனை தடவை போடுவேங்கிறது மீதிப் பாதி. அடுத்த சட்டையை பில் போடறதுக்கு முன்னாடி ரெண்டையும் வகுத்துப் பாருங்க. உங்ககிட்ட ரொம்ப நாள் உழைச்ச ஆபீஸ் சட்டையோட கணக்கு எவ்வளவு வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க.