அடுப்பங்கரைப் பேச்சு: டின் மீனும் டின் பாலும்

"டின்னில் அடைத்த சாப்பாடா? ஐயே!" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். என் மாமியாரும் அந்தக் கட்சிதான். எனக்கோ சின்ன வயசிலிருந்தே அதில் ஒரு தனிப் பிரியம். நான் பிறந்து வளர்ந்தது ஈப்போவில். மலாயாத் தமிழர் வீடுகளில் அரிசிப் பானைக்கு அடுத்த மரியாதை சார்டின் டின்னுக்குத்தான்! மழை கொட்டினாலும், விருந்தாளி சொல்லாமல் வந்து நின்றாலும் அம்மா கலங்க மாட்டாள். அரை மணியில் குழம்பு தயார்.

அங்கே பேர் போனது கோழிப் படம் போட்ட டின். 1892-ல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்த கம்பெனி. மலாய் மொழியில் 'ஆயாம்' என்றால் கோழி. படத்தைக் காட்டியே வாங்கி வாங்கி, கடைசியில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

உணவை இப்படி அடைத்து வைக்கும் வித்தையும் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததுதான். நிக்கோலா அப்பேர் என்பவர் கண்ணாடிப் புட்டியில் உணவைப் போட்டு, இறுக மூடி, கொதிநீரில் வேகவைத்தார். இதற்காக 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அதே வருஷம் இங்கிலாந்தில் தகர டின்னுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வேடிக்கையைக் கேளுங்கள்: டின் திறப்பான் வந்தது இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து! அதுவரை சுத்தியலும் உளியும்தான்.

டின் மீன் கெடாமல் இருப்பது மருந்து போட்டதால் இல்லை. காற்றுப் புகாமல் மூடி, பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தில் வேகவைப்பதால்தான். அந்தச் சூட்டில் முள்ளும் பஞ்சாகிவிடும். முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். உப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிடட்டும்.

அம்மாவின் பக்குவம் இதோ. எண்ணெயில் வெந்தயம், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்குங்கள். இரண்டு தேக்கரண்டி மிளகாய்த் தூள், கொஞ்சம் புளித் தண்ணீர், டின்னில் உள்ள தக்காளிச் சாறு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போனதும் மீனைப் போட்டு ஐந்து நிமிஷத்தில் இறக்குங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் மீன் கூழாகிவிடும். உப்பை ருசி பார்த்த பிறகே போடவும்.

அடுத்தது பால் டின். அங்கே டீக்கடையில் காலி பால் டின்னில் கயிறு கட்டி, அதில்தான் டீ ஊற்றிக் கொடுப்பார்கள். கெட்டிப் பால் கலந்த அந்தத் தேநீரின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

ஆனால் இளம் தாய்மார்களே, இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். சென்ற மாதம் எதிர் வீட்டுப் பெண் வந்தாள். மூன்று மாசக் குழந்தை. "பால் பத்தலக்கா, டின் பாலைத் தண்ணியில கரைச்சுக் கொடுக்கட்டுமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான்! அதில் தண்ணீரையும் ஊற்றினால் பிள்ளை வளர என்ன சத்து மிஞ்சும்?

இது பழைய கதை. 1939-லேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். கெட்டிப் பாலை நம்பிப் பச்சைக் குழந்தைகள் சாவதைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம் அது. தாய்ப்பாலுக்குப் பதிலான பால் உணவுகளின் விளம்பரத்துக்கு 1981-ல் உலக அளவில் நெறிமுறை வந்தது; 1992-ல் நம் நாட்டில் சட்டமே வந்தது.

அந்தப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பிள்ளையை மார்பில் அணைக்கும் விதத்தை நர்ஸம்மா சரிசெய்து காட்டினார். இப்போது பிள்ளை எடை ஏறி வருகிறது. ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டுமே. பால் குறைவு என்று தோன்றினால் டாக்டரையோ நர்ஸையோ கேளுங்கள், கடைக்காரரை அல்ல.

டின் வாங்கும்போது கவனிக்க:

1. உப்பிய டின், ஒழுகும் டின், துருப்பிடித்த டின், மூட்டில் நசுங்கிய டின் வேண்டவே வேண்டாம். ருசி பார்க்கக்கூடத் தொடாதீர்கள். அந்த விஷத்துக்கு வாசனை கிடையாது.

2. திறந்த பிறகு மிச்சத்தை டின்னிலேயே வைக்காமல் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, ஃபிரிஜ்ஜில் வையுங்கள். இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

3. சீட்டைப் படியுங்கள். பால் டின் மாதிரியே இருக்கும் சிலவற்றில் பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் இருக்கும்.

உங்கள் வீட்டு அலமாரியில் அவசரத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? எழுதுங்கள். அடுத்த இதழில் வற்றல், வடகம் பற்றிப் பேசலாம்.