கிரீஸ் கை: முதல்ல நிக்கணும் மச்சி!

ஒவ்வொரு செமஸ்டர்லயும் மெக்கானிக்கல் பசங்க இருக்கிற கேன்டீன்ல இந்த டயலாக் ஒரு தடவையாவது கேட்கும். ''மச்சி, பழைய டீசல் ஜீப் ஒண்ணை அடிமாட்டு விலைக்கு எடுத்து, வீட்டு வாசல்லயே பிரிச்சு மேய்ஞ்சு, சூப்பரா ரெடி பண்றோம்டா!'' அடுத்த அரை மணி நேரம் கலர் என்ன, டயர் எவ்ளோ பெருசுன்னு சண்டை நடக்கும். டீ ஆறினதும் கனவும் ஆறிடும்.

எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கு மட்டும் ஆறலை. போடிநாயக்கனூர்க்காரன். போடி, கம்பம் பக்கம் ஜீப்ங்கிறது சினிமா ஹீரோ வண்டி இல்லீங்க. விடியறதுக்கு முன்னாடி ஆளுங்களை ஏத்திக்கிட்டு இடுக்கி ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலை ஏறுற வண்டி. அவன் அப்பா அப்படி ஒரு ஜீப்பை வருஷக்கணக்கா ஓட்டினவர். அவனும் அவன் தம்பியும் தகரக் கொட்டகைக்குக் கீழே கடையை விரிச்சப்போ அவர் போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. ''எதை வேணா பிரிங்கடா. பிரேக்கை நான் பார்க்காம வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.''

மொத்த பட்ஜெட் 2 லட்சம். பையனுக்கு ஆசை என்னவோ அந்தக் கால வில்லிஸ் பெட்ரோல் ஜீப் மேல. மஹிந்திரா 1947-ல இங்கே பூட்ட ஆரம்பிச்ச அதே பரம்பரை. அதுல டீசல் இன்ஜினை இறக்கிடலாம்னு பிளான். அப்பா ஆர்.சி. புக்கைக் கையில எடுத்தார். ''இதுல பெட்ரோல்னு போட்டிருக்கு. நீ டீசல் ஊத்துவ. போலீஸ்காரன் விடுவான், இன்சூரன்ஸ்காரன் விடுவானாடா?'' பிளான் க்ளோஸ்!

அவர் சொன்னது சும்மா இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளா கேஸ் ஒண்ணுல இதையே கறாரா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதி இல்லாம செய்யற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். முன்னாடி மாட்டுற அந்த இரும்புக் கிராதி இருக்கே, அதுக்கும் 2017-லயே ஆப்பு. அதனால பிறக்கும்போதே டீசலா பிறந்த எம்.எம்.540 ஒண்ணைத் தேடிப் பிடிச்சாங்க. ஆர்.சி. க்ளீன், இன்ஜின் காலி. அதே ரக இன்ஜின் கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் கிடைச்சுது. அதே ரகமா இருந்தாலும் இன்ஜின் நம்பர் மாறுது, அதனால ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். ரசீதை லேமினேட் பண்ணி வெச்சிருக்கான் பய.

இந்த இன்ஜின் பேரு எக்ஸ்டிபி 4.90. பிரான்ஸ் நாட்டு பெஜோ டிசைன். 4 சிலிண்டர், 90 மி.மீ. போர், அதான் பேரே. ஸ்ட்ரோக் 83 மி.மீ. கால்குலேட்டரைத் தட்டுங்க, 2,112 சிசி வரும். குதிரை சக்தி வெறும் 62. இன்னிக்கு அக்கா வெச்சிருக்கிற குட்டிக் காருக்கே அதைவிட ஜாஸ்தி இருக்கும். ஆனா கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காத்தை நசுக்கி, அந்தச் சூட்டுலயே டீசலை எரிய வைக்கிற ஆளு. நம்மை மாதிரி அரைகுறைகளுக்கு இவர்தான் சரியான வாத்தியார். ஆயில் மூடியைத் திறந்து வெச்சு ஓட்டிப் பாருங்க. குபுகுபுன்னு புகை தள்ளினா அது பேக் கம்ப்ரஷன், ரிங்கு தேஞ்சிருக்கு. கறுப்புப் புகைன்னா டீசல் அதிகம், நீலம்னா ஆயில் எரியுது. லேப்ல மூணு வருஷம் எழுதின ரெக்கார்டு நோட்டைவிட இது சீக்கிரமா மண்டையில ஏறுது.

முதல் ஸ்டார்ட் அன்னிக்கு என்னோட போஸ்டிங் என்ன தெரியுமா? காத்து உள்ளே போற வாய்கிட்ட ஒரு மரப்பலகையோட நிக்கிறது. சிரிக்காதீங்க. பழைய டீசல் இன்ஜின் ஆயிலைக் குடிச்சு அதையே எரிச்சு ஓட ஆரம்பிச்சா, டீசலை நிறுத்தினாலும் நிக்காது. வேகம் ஏறி ஏறிக் கடைசியில வெடிச்சுடும். காத்தை அடைச்சாதான் அடங்கும். இன்னொண்ணு, இன்ஜெக்டர் எப்படிப் பீச்சுதுன்னு விரலை நீட்டிப் பார்க்கவே கூடாது. வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போகும். குண்டூசி குத்தின மாதிரிதான் இருக்கும், ஆனா ஆபரேஷன் தியேட்டர் வரை கொண்டுபோகும். நல்லவேளை, பலகைக்கு வேலை வரலை. லைன் நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுத்து, ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கி, நாலாவது முயற்சியில தடதடன்னு உயிர் வந்துச்சு. தெருவே கூடிடுச்சு!

அப்பா மட்டும் கை தட்டலை. சக்கரத்துகிட்ட உட்கார்ந்துட்டார்.

மலையில இறங்குறப்போ டீசல் வண்டி ஒரு விஷயத்துல ஏமாத்தும். பெட்ரோல் இன்ஜின்ல ஆக்சிலரேட்டரை விட்டா காத்துப் பாதை மூடிக்கும், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல்ல அந்தக் கதவே இல்லை. அதனால அந்தப் பிடி குறைவு. லாரிகள்ல எக்ஸாஸ்ட் பிரேக்னு தனியா வைக்கிறது அதுக்காகத்தான். அதே காரணத்தால பிரேக் பூஸ்டருக்கு வேணும்கிற வெற்றிடமும் இன்ஜின்ல இருந்து சும்மா கிடைக்காது. ஆல்டர்னேட்டர் முதுகுல குட்டியா ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். அது செத்தா பெடல் கல்லு மாதிரி ஆகிடும். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக் வேற. விடாம மிதிச்சுக்கிட்டே இறங்கினா டிரம் சூடாகிப் பிடிப்பு போகும். பிரேக் ஆயில் பழசுன்னா அதுல இருக்கிற ஈரம் கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்குன்னு போடி டிரைவர்கள் சொல்றதுக்குப் பின்னாடி இவ்வளவு தெர்மோடைனமிக்ஸ் இருக்கு!

அதனால சீட்டுக்கு ஒதுக்கின காசு மொத்தமும் பிரேக்குக்குப் போச்சு. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதுசு. கதவு, கண்ணாடி, பம்பரெல்லாம் பழைய இரும்புக் கடையில வாங்கிக்கலாம். பிரேக் ரப்பரை மட்டும் அங்கே வாங்குறவனைக் கூட சேர்க்காதீங்க. டிரம்மைக் கடைசல் பட்டறையில குடுத்துக் கடைஞ்சாச்சு. பழைய லைனிங் தூசியை வாயால ஊதாதீங்க, அந்தக் கால லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணி ஊத்திக் கழுவுங்க. வண்டியைத் தூக்கி வெச்சா ஹாலோ பிளாக் கல்லுல நிறுத்தாதீங்க, பொசுக்குன்னு நொறுங்கிடும். ஸ்டாண்டு இல்லேன்னா கனமான மரக்கட்டை.

நடுவுல ஒரு ட்விஸ்ட். இது ஃபோர் வீல் வண்டி. முன்னாடி, பின்னாடி ரெண்டு டிஃபரன்ஷியலும் ஒரே ரேஷியோவா இருக்கணும். செக் பண்றது ஈஸி. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கி, சாக்பீஸால கோடு போட்டு, சரியா ரெண்டு சுத்து சுத்துங்க. புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்துதோ அதான் ரேஷியோ. முன்னாடி அஞ்சேகாலுக்கு மேல வந்துச்சு. அதாவது 43 பல்லுக்கு 8 பல், 5.38. பின்னாடி நாலேகால்தான்! முன்னாடி வெச்சிருந்தவர் எவரோ பின் ஆக்ஸிலை மாத்திட்டு, ஃபோர் வீலைப் போடாமலே ஓட்டியிருக்கார். தெரியாம தார் ரோட்டுல அந்த லீவரைத் தள்ளியிருந்தா ரெண்டு ஆக்ஸிலும் ஒண்ணோடொண்ணு மல்லுக்கட்டி கியர்பாக்ஸைக் கடிச்சுத் துப்பியிருக்கும். இப்போதைக்கு முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டி ஓரமா வெச்சாச்சு. சரியான பல் செட்டு கிடைக்கிறவரை இது டூ வீல் டிரைவ்தான்.

''வின்டேஜ்னு பின்னாடி எழுதலாமா?''ன்னு தம்பி கேட்டான். 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டணும், சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிசா கை வெச்சிருக்கக் கூடாது. அந்தப் பதிவு வாங்கினாலும் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலின்னு போகலாம். நம்ம ஆளுக்கு அந்த வயசு இன்னும் வரலை. பேசாம 'அம்மா துணை'ன்னு எழுதிட்டான்.

பெயின்ட்? இன்னும் பிரைமர்தான். சீட்டு? ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், அதுவும் தோப்புக்குள்ள ஆமை வேகத்துல உருட்டிப் பார்க்கிறதுக்கு மட்டும். போன வாரம் அப்பாவே ஓட்டிப் பார்த்தார். தென்னை மரத்துக்கு ரெண்டடி முன்னாடி கரெக்டா நின்னுச்சு. நாங்க கத்தின கத்துல மாடு மிரண்டுச்சு. அவர் இறங்கி, மண்ணுல விழுந்த டயர் தடத்தைக் குனிஞ்சு பார்த்தார். ''இடது பக்கம் இழுக்குது. டிரம்மைக் கழட்டுங்கடா.''

வண்டி இன்னும் கேட்டுக்கு உள்ளேதான் நிக்குது.