முறையீடு முதலில் எங்கே?

உதகை மறைமாவட்டக் குரு ஜோசப் பழனிவேல் ஜெயபால், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பணியாற்றியபோது ஒரு சிறுமியிடம் தகாது நடந்ததை 2015-இல் அங்குள்ள நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். 2016-இல் அவர்மீதிருந்த பணித்தடை நீக்கப்பட்டது. உரோமையைக் கலந்தே செய்தோம் என்றது மறைமாவட்டம். பாதிக்கப்பட்டவளின் கண்ணீரை எந்தக் கோப்பில் வைத்தார்களோ!

மலைமேல் நடந்தது, தாமிரபரணிக் கரையில் நமக்கென்ன என்பார் உண்டு. நம் பங்குகளிலும் பள்ளியும் விடுதியும் கோவிலும் ஒரே சுற்றுச்சுவருக்குள் அல்லவா இருக்கின்றன? முறையிட வரும் தாயை, "சாமியாரைப் பற்றிப் பேசாதே" என்று ஊரே அடக்கிவிடுமே!

ஆயர் இல்லம் விசாரிக்கட்டும். அது திருச்சபையின் கடமை. ஆனால் காவல் நிலையத்தை முந்திக்கொண்டு அன்று. அறிந்தவர் எவரும் அறிவிக்கவேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காட்டி நழுவுவோருக்கு இறையியல் துணை நிற்காது. அருட்சாதனத்தில் கேட்டதற்கே அந்த முத்திரை; பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு தாய் சொன்னதற்கு அன்று. இவ்வழக்குகளில் பாப்பிறை இரகசியத்தையே 2019-இல் திருத்தந்தை பிரான்சிசு நீக்கிவிட்டாரே, குருக்களாகிய நாம் இன்னும் எதைப் பூட்டிவைக்கிறோம்?

பொய்ப் புகாரால் நல்ல குருவின் பெயர் கெடுமே என்ற அச்சம் நியாயமானதே. அவரை ஐயமற விடுவிக்க வல்லதும் வெளிப்படையான விசாரணைதான். இரவோடு இரவாக வேறு பங்குக்கு மாற்றினால், ஐயமும் அவரோடு அங்கே குடியேறும்.